தமிழில் வைத்தியம் படிப்பித்த டொக்டர் கிறீன்

(கண்டியில் தோட்ட சுகாதார ஊழியர்கள் மத்தியில் ஆற்றிய உரை)



நல்ல டொக்டர் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்று எம்மைக் கேட்டார்கள். இந்தக் கண்டியைச் சுற்றியே நல்ல டொக்டர்மார் பலர் இருந்திருக்கிறார்கள். ஆனாலும் நாம் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்த ஒருவரைத் தெரிந்தெடுத்திருக்கிறோம். அவர் மலையகத்தில் வேலை செய்தவர் அல்ல. அப்படியிருந்தும் ஏன் அவர் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், விளங்கும்.

அவர் பெயர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவில், மசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் என்ற ஊரில் 1822இல் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம். அண்ணன் ஆண்ட்ரூ கிறீன் நியூயோர்க் நகரத்தில் பெரிய மனிதர், அந்த நகரத்தின் சென்ட்ரல் பார்க் உருவாகப் பாடுபட்டவர். தம்பியும் நியூயோர்க்கில் 1845இல் டொக்டர் பட்டம் பெற்றவர்தான். அங்கேயே இருந்திருந்தால் கையில் நாலு காசு சேர்ந்திருக்கும். அவர் கப்பல் ஏறி 1847இல் இலங்கைக்கு வந்தார், மறு வருடம் மானிப்பாயில் குடியேறினார். அப்போது வயது 26கூட ஆகவில்லை.

வந்தவுடனே மருந்து கொடுத்தார், சத்திரசிகிச்சை செய்தார், கூடவே சில வாலிபர்களைச் சேர்த்து வைத்தியமும் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். படித்து முடித்தவர்கள் கெட்டிக்காரர்களாக வந்தார்கள். ஆனால் ஒரு சங்கடம். ஆங்கிலம் தெரிந்த டொக்டருக்கு அரசாங்கத்தில் சம்பளமும் மரியாதையும் காத்திருந்தது. பையன் படிப்பை முடித்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்விடுவான். கிராமத்தில் இருக்கிற நோயாளிக்குப் பழைய கதிதான்.

இதைக் கண்ட கிறீன் 1864 அளவில் ஒரு முடிவுக்கு வந்தார். இனித் தமிழிலேயே படிப்பிப்பது. தமிழில் படித்தவன் ஊரோடு இருப்பான், ஊர் பாஷையில் நோயைக் கேட்பான், ஊருக்குக் கட்டுப்படியான காசுக்கு வைத்தியம் செய்வான் என்பது அவருடைய கணக்கு. எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. இங்கிலீசு படித்தால்தானே மதிப்பு என்று அன்றைக்கும் சொன்னார்கள், இன்றைக்கும் சொல்லுறாங்க!

படிப்பிக்கப் புத்தகம் வேண்டுமே? அதையும் உண்டாக்கினார். உடற்கூறு பற்றிய நூல் ஒன்று அதற்கு முன்னமே 1852இல் வந்திருந்தது. பிறகு பிள்ளைப்பேறு பற்றிய ‘பிரசவ வைத்தியம்’, 1867இல் ‘இரண வைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875இல் ‘கெமிஸ்தம்’, 1883இல் ‘மனுஷ சுகரணம்’. எல்லாம் சேர்த்தால் 4,000 பக்கத்துக்கு மேலே. தனியாளாகச் செய்த வேலை அல்ல இது. மாணவர்கள் மொழிபெயர்த்தார்கள், அவர் வரிக்கு வரி திருத்தினார். ‘மனுஷ அங்காதிபாதம்’ என்பது, இன்றும் உலகமெங்கும் டொக்டர்மார் படிக்கிற கிரே என்பவரின் உடற்கூற்று நூல். சாப்மன் என்ற மாணவர் தமிழாக்கினார். சொற்கள் இன்றைக்கு நமக்குக் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். ‘சுகரணம்’ என்றால் உடல் எப்படி வேலை செய்கிறது என்ற படிப்பு என்று சொன்னால்தான் புரியும். ஆனால் வழியில்லாத காட்டில் முதல் முதல் வெட்டின பாதை நேராக இருக்குமா? இப்படி அறுபதுக்கு மேற்பட்டவர்களை அவர் டொக்டராக்கினார். அதில் பாதிக்கு மேல், 33 பேர், தமிழிலே படித்தவர்கள்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் பத்து வருடம் அவர் தனிக்கட்டை. 1857இல் ஊருக்குப் போனவர் 1862இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்து, அவரையும் கூட்டிக்கொண்டு அதே வருடம் மானிப்பாய்க்குத் திரும்பினார். புதுப் பெண்ணை இத்தனை தூரம் கொண்டுவருவது சின்ன விஷயமா? அந்தக் காலத்துக் கப்பல் பயணம் மாதக்கணக்கு. அந்த அம்மாவும் சளைக்காமல் வந்தார், மானிப்பாயிலே குடும்பம் வளர்ந்தது. 1873இல் உடம்பு முடியாமல் போகவே குடும்பத்தோடு அமெரிக்கா போனார், திரும்பி வர முடியவில்லை. நாம் மேலே சொன்ன கடைசி இரண்டு நூலும் அப்படிப் போனபிறகு வந்தவை. வூஸ்டரில் பெண்சாதி பிள்ளைகளோடு இருந்துகொண்டு, கடலுக்கு இந்தப் பக்கத்து ஜனங்களுக்காகத் தமிழ் எழுதிக்கொண்டிருந்தார். 1884 மே மாதம் காலமானார்.

அவர் பக்தியான கிறிஸ்தவர், மதம் பரப்பத்தான் வந்தார். இதை மறைக்க வேண்டியதில்லை. மருந்து கொடுக்கும் முன் வேதம் வாசித்து ஜெபம் செய்வார். ஆனால் கிறிஸ்தவனாக மாறினவன் வெள்ளைக்காரன் மாதிரி உடுக்க வேண்டும், நடக்க வேண்டும் என்பது அவருக்குப் பிடிக்காது. தமிழன் தமிழனாகவே இருக்கட்டும் என்றார். தன் கல்லறையிலும் தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவன் என்று பொறிக்கும்படி விரும்பினார். கோயிலுக்குப் போகிற எம்மவர்களும் இந்த ஒரு விஷயத்தில் அவரை மெச்சத்தான் வேண்டும்.

இனி எம்முடைய பக்கத்துக்கு வருவோம். கிறீன் மானிப்பாயில் புத்தகம் அச்சடித்த அதே வருடங்களில், நம்முடைய பாட்டன் பூட்டிமார் மன்னாரில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாக நடந்து கண்டிச் சீமைக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தார்கள். வழியில் பேதியிலும் அம்மையிலும் விழுந்தவர்கள் கணக்கில்லை. 1860களில் கம்பளை ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் வான்டோர்ட் என்பவர், தோட்டத்தாட்கள் எந்த நிலையில் வந்து சேர்கிறார்கள், எப்படிச் சாகிறார்கள் என்று எழுதிவைத்தார். 1872இல் தோட்டத்தாட்களின் வைத்தியத்துக்காகச் சட்டம் ஒன்றும் வந்தது. ஆனால் அறிக்கையும் சட்டமும் ஆங்கிலத்தில். செத்தவர் பேசினது தமிழ்.

கொழும்பில் மருத்துவக் கல்லூரி 1870இல் ஆங்கிலத்தில் தொடங்கியது. கிறீனுக்குப் பிறகு அவருடைய தமிழ் வகுப்பு நிலைக்கவில்லை. இதோ பக்கத்தில் பேராதனையில் 1962இல் வந்த மருத்துவ பீடமும் ஆங்கிலத்திலேயே படிப்பிக்கிறது. அதைக் குறை சொல்ல வரவில்லை, உலகத்துப் படிப்பு அப்படி இருக்கிறது. எங்கள் கவலை நோயாளியோடு பேசுகிற பாஷையைப் பற்றியது.

தோட்டத்து அம்மா ஒருவர் குழந்தையோடு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். கேட்கிறது சிங்களத்தில். பாதி விளங்கும், பாதி விளங்காது. எல்லாத்துக்கும் தலையை ஆட்டிவிட்டு வருவார். மருந்துப் பைக்கற்றில் எழுதியிருப்பது விளங்காமல், மூன்று வேளை மருந்தை ஒரே வேளையில் கொடுப்பார். இது நாம் லயத்திலே கண்ட விஷயம். 1987இலிருந்து தமிழும் அரச கரும மொழி. சட்டத்தில் இருக்கிறது, பைக்கற்றில் இல்லை.

ஆகையால் டிஸ்பென்சரியில் வேலை செய்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். வெளி ஆஸ்பத்திரிக்கு ஆளை அனுப்பும்போது, நோய் எப்போது தொடங்கியது, என்ன மருந்து ஏற்கனவே கொடுத்தது என்று அங்குள்ளவர்களுக்கு விளங்கும்படி துண்டில் எழுதிக்கொடுங்கள். திரும்பி வந்த பிறகு கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்து, எந்தக் குளிசை, எத்தனை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். எழுத வாசிக்கத் தெரியாதவருக்குச் சூரியன், நிலா படம் கீறிக் காட்டினாலும் போதும். வீட்டில் ஏ.எல். விஞ்ஞானம் படிக்க விருப்பமுள்ள பிள்ளை இருந்தால், தோட்டத்துப் பிள்ளைக்கு இது எதற்கு என்று கொழுந்துக் கூடையைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். கிட்டத்தில் விஞ்ஞானப் பிரிவுள்ள தமிழ்ப் பாடசாலை எது என்று எங்களிடம் கேளுங்கள், விசாரித்துச் சொல்லுகிறோம்.