பாஸ்போர்ட் யார் கையில்?

(ஒரகடத்தில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் இந்த இடத்தில் எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். இன்று நான் பேசப் போவது ஒரு சின்னப் புத்தகத்தைப் பற்றி. நீல அட்டை போட்ட 36 பக்கப் புத்தகம். அதுதான் பாஸ்போர்ட்.

ஆலைத் தொழிலாளிக்கும் வயலில் வேலை செய்கிறவனுக்கும் பாஸ்போர்ட் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். வல்லம், வடகால், மாத்தூர், சுங்குவார்சத்திரம் என்று இங்குள்ள தெருக்களில் நடந்து பாருங்கள். ஐ.டி.ஐ. படித்த பையன் ஒப்பந்தக் கூலியாக இரண்டு வருஷம், மூன்று வருஷம் உழைக்கிறான். பிறகு, ‘நாளை முதல் வர வேண்டாம்’ என்கிறார்கள். திரும்பிப் போய் உழலாம் என்றால் நிலம் சிப்காட்டுக்குப் போய்விட்டது. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இப்படிப்பட்டவன் கண் எங்கே போகும்? சவுதிக்குப் போகும், துபாய்க்குப் போகும், சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகும்.

சில நாட்களுக்கு முன்பு வாலாஜாபாத் பக்கத்திலிருந்து ஒரு விவசாயத் தொழிலாளி வந்து கேட்டார்: “ஐயா, என் மகன் சவுதியில் வெல்டர். அவன் பாஸ்போர்ட் இன்னும் மூன்று மாதத்தில் முடிகிறது. புதுசு வாங்கினால் பழையதில் குத்தின விசா என்ன ஆகும்? அது செத்துப் போகுமா? பையன் வேலை போய்விடுமா?”

இது அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. ஆகவே எல்லோருக்குமாகப் பதில் சொல்கிறேன்.

புத்தகம் வேறு, அனுமதி வேறு

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். பாஸ்போர்ட் நம் நாட்டுச் சர்க்கார் கொடுப்பது. ‘இவன் எங்கள் பிரஜை’ என்று அது சொல்கிறது. விசா அந்த நாட்டுச் சர்க்கார் கொடுப்பது. ‘இவன் எங்கள் நாட்டுக்குள் வரலாம், இன்ன வேலை பார்க்கலாம்’ என்று அது சொல்கிறது. ஒன்றை டில்லி கொடுக்கிறது, மற்றதை ரியாத் கொடுக்கிறது. டில்லி தன் புத்தகத்தை ரத்து செய்தால், ரியாத் கொடுத்த அனுமதி அதனாலேயே ரத்தாகி விடாது.

பெரியவர்களுக்குப் பாஸ்போர்ட் 10 வருஷம் செல்லும். முடிவதற்கு ஒரு வருஷம் இருக்கும்போதே புதுப்பிக்க மனுச் செய்யலாம். வெளிநாட்டில் இருப்பவன் அங்குள்ள நம் தூதரகத்திலோ, அதற்காக வேலை செய்யும் மையத்திலோ மனுச் செய்ய வேண்டும். அவர்கள் புதிய எண்ணோடு புதிய புத்தகம் கொடுப்பார்கள். பழையதில் ரத்து முத்திரை குத்தித் திருப்பிக் கொடுப்பார்கள். அதில் காலாவதியாகாத விசா இருந்தால், அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல், பிரிக்காமல், இரண்டு புத்தகங்களையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ‘பழசுதானே’ என்று பழைய புத்தகத்தைக் குப்பையில் போட்டவன் தன் வேலையையும் சேர்த்துக் குப்பையில் போட்டவன் ஆவான்!

புதிய புத்தகத்தை வாங்கியதும் பெயர், பிறந்த தேதி, பழைய பாஸ்போர்ட் எண் ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று அந்த இடத்திலேயே நின்று பாருங்கள்.

ஊருக்கு ஊர் முறை வேறு

புதிய எண்ணை அந்த நாட்டுக் கணக்கில் ஏற்றுவது அடுத்த வேலை. இங்கேதான் பலர் இடறுகிறார்கள்.

அமெரிக்காவில் விசாவைப் புதிய புத்தகத்துக்கு மாற்றிக் கொடுப்பதில்லை. பழையதில் உள்ள விசா காலாவதியாகாமல் இருந்தால் அது செல்லும். இரண்டு புத்தகங்களையும் காட்டினால் போதும்.

வளைகுடாவில் நிலைமை வேறு. கத்தாரில் 2015-லும், குவைத்தில் 2019-லும், ஐக்கிய அரபு நாட்டில் 2022-லும் தங்கும் அனுமதியைப் பாஸ்போர்ட்டில் ஒட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். அனுமதி இப்போது அட்டையிலும் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. ஒட்ட ஸ்டிக்கர் இல்லை, ஆகவே மாற்ற வேலையும் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். கம்ப்யூட்டரில் உங்கள் பெயருக்கு எதிரே பழைய எண்தான் நிற்கும். அதை மாற்றாவிட்டால் விமான நிலையத்தில் நிறுத்தி வைப்பார்கள்.

சவுதியில் இக்காமா அட்டை இருக்கிறது. புதிய பாஸ்போர்ட் விவரத்தை அந்தக் கணக்கில் ஏற்றுவதை அங்குள்ள நம்மவர்கள் ‘நகல் மாலூமாத்’ என்கிறார்கள். ‘விவரம் மாற்றுதல்’ என்பது அதன் பொருள். கம்பெனித் தொழிலாளிக்கு இதைச் செய்ய வேண்டியவன் கம்பெனிக்காரன். சிங்கப்பூரிலும் வொர்க் பெர்மிட் தொழிலாளியின் புதிய பாஸ்போர்ட் விவரத்தை மனிதவள அமைச்சுக்குத் தெரிவிப்பது முதலாளியின் வேலை. மலேசியாவில் வேலை அனுமதி நெடுங்காலம் பாஸ்போர்ட்டில் ஒட்டும் ஸ்டிக்கராக இருந்து வந்தது. அங்கே குடிவரவு இலாகாவின் மூலம் அனுமதியைப் புதிய பாஸ்போர்ட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

பாஸ்போர்ட் காலம் முடிந்துவிட்டால் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. அனுமதி முடிந்தால் அபராதம், அதற்கு மேல் சிறை, அதற்கு மேல் நாடு கடத்தல். ஆகவே கடைசி மாதம் வரை காத்திருக்காதீர்கள். ஒரு வருஷம் முன்பே தொடங்குங்கள்.

நம் பெயருக்கு வந்த சோதனை

தமிழனுக்கு மட்டும் தனியாக ஒரு தொல்லை உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக்கொள்கிறோம். பழைய பாஸ்போர்ட்டில் வெறும் ‘முருகன்’ என்று இருக்கும். புதியதில் அப்பன் பெயரைச் சேர்த்து ‘முருகன் கோவிந்தன்’ என்று வரும். அரபு நாட்டுக் கணக்கில் இவர்கள் இருவரும் இரண்டு ஆட்கள்! 2022 நவம்பரில் ஐக்கிய அரபு நாடு, ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவுக்கு வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. விசா கையில் இருக்கும்போது பெயரில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பயணத்துக்கு முன்பே இங்கே மாற்றுங்கள். விசா அடித்த பிறகு, புறப்படுவதற்கு முன் புத்தகம் மாறினால், விசா கொடுத்த தூதரகத்தில் கேட்காமல் விமானம் ஏறாதீர்கள்.

துண்டு முறை இன்னும் சாகவில்லை

இதுவரை நான் சொன்னதெல்லாம் சுலபமான வேலைகள். அந்த விவசாயத் தொழிலாளியின் மகனும் இதைச் செய்துவிடலாம். ஆனால் அவனால் முடியவில்லை. ஏன்? பாஸ்போர்ட் அவன் கையில் இல்லை! இறங்கிய அன்றே கம்பெனி ஆபீஸில் வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டார்கள்.

தோழர்களே! நம் பாட்டன்மார் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன காலத்தில் ‘துண்டு’ என்று ஒரு முறை இருந்தது. அது ஒரு காகிதத் துண்டுதான். இவன் கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் விடுவிக்கத் தயார் என்று அதில் எழுதியிருக்கும். துண்டு இல்லாதவனை வேறு தோட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். சங்கிலி வேண்டியதில்லை, காவல்காரன் வேண்டியதில்லை, ஒரு காகிதம் ஆளைக் கட்டிப் போட்டது. 1921-ல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். நூறு வருஷத்துக்குப் பிறகு, பூட்டிய அலமாரியில் கிடக்கும் பாஸ்போர்ட் அதே வேலையைச் செய்கிறது.

இதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா? கொடுக்கவில்லை. 1967-ம் வருஷத்து இந்தியப் பாஸ்போர்ட் சட்டத்தின் 17-வது பிரிவு, பாஸ்போர்ட் எப்போதும் மத்திய சர்க்காரின் சொத்து என்கிறது. சர்க்கார் சொத்தைப் பூட்டி வைக்கக் கம்பெனிக்காரன் யார்? அந்த நாட்டுச் சட்டங்களும் அவனுக்குத் துணையில்லை. கத்தாரின் 2015-ம் வருஷத்து 21-வது சட்டப்படி பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கும் முதலாளிக்கு 25,000 ரியால் வரை அபராதம் விதிக்கலாம். ஐக்கிய அரபு நாட்டின் 2021-ம் வருஷத்துத் தொழிலாளர் சட்டமும் இதைத் தடுக்கிறது. சட்டம் இருக்கிறது. அதை எடுத்துக் காட்டிக் கேட்கிறவர்கள்தான் குறைவு.

முதலாளி கொடுக்க மறுத்தால் என்ன செய்வது? முதலில் எழுத்து மூலம் கேளுங்கள், கேட்டதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு தூதரகத்தின் தொழிலாளர் பிரிவுக்கு எழுதுங்கள். வெளிநாட்டிலிருப்போர் புகாருக்கென்று 2015-ல் நம் வெளியுறவு இலாகா ‘மதத்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. குடும்பத்தார் இங்கிருந்தும் அதில் புகார் செய்யலாம். ஆனால் கேம்ப்பை விட்டு ஓடுவதற்கு முன் தூதரகத்தில் யோசனை கேளுங்கள். ‘ஹுரூப்’, அதாவது ஓடிப்போனவன், என்று முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டால் சிக்கல் இரட்டிப்பாகும். அவுட்பாஸ் வாங்கி ஊர் திரும்புவதுதான் கடைசியில் மிஞ்சும். அவுட்பாஸ் ஒரு வழிப் பயணத்துக்கு மட்டுமே, தெரிந்துகொள்ளுங்கள்.

முத்திரை முடிந்தவர்களின் கதை

முத்திரை காலாவதியானால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மலையகத் தமிழர் சரித்திரமே சாட்சி. 1948-ல் இலங்கை சர்க்கார் அவர்களுடைய பிரஜா உரிமையைப் பறித்தது. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். கொழுந்து கிள்ளிய பெண்களின் கையில் இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. அதோடு இலங்கையில் தங்க ஒரு காலக்கெடுவும் வந்தது. 1984-ல் தலைமன்னார் – ராமேஸ்வரம் கப்பல் நின்றது. கையில் இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, காலக்கெடு முடிந்த நிலையில், பல்லாயிரம் பேர் பிறந்த மண்ணிலேயே அந்நியராகக் கிடந்தார்கள். 2003-ல் இலங்கை பாராளுமன்றம் சட்டம் கொண்டு வந்த பிறகே அவர்களுக்கு வழி பிறந்தது. அதுவரை 19 வருஷம்! காகிதம் சின்னதுதான். அது அழிக்கும் வாழ்க்கை சின்னதல்ல.

கொரியத் தொழிலாளியும் நம்மவனே

இங்கே நம் பக்கத்து அடுக்கு வீடுகளில் கொரிய, ஜப்பானிய எஞ்சினீயர்கள் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கும் பாஸ்போர்ட் முடிகிறது. சென்னையிலுள்ள வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் அவர்களும் புதிய விவரத்தைப் பதிய வேண்டும். 2018 முதல் அதைக் கம்ப்யூட்டர் மூலமே செய்யலாம். கம்பெனி ஆபீஸ் மனுவைக் கவனித்துக்கொள்கிறது. யாரும் அவர்கள் புத்தகத்தைப் பூட்டி வைப்பதில்லை. நல்லதுதான், அப்படித்தான் இருக்க வேண்டும். அதே மரியாதை தம்மாமில் வேலை செய்யும் நம் வெல்டருக்கும் வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

ஆனால் அவர்களும் எங்கும் பத்திரமாக இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஹுண்டாய் கம்பெனியும் எல்.ஜி.யும் சேர்ந்து அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பாட்டரி ஆலை கட்டின. 2025 செப்டம்பர் 4-ல் போலீசார் அங்கே புகுந்து 475 பேரைப் பிடித்தார்கள். அவர்களில் 300 பேருக்கு மேல் கொரியர்கள். கையிலும் இடுப்பிலும் சங்கிலி போட்டுக் கொண்டு போனார்கள். வேலைக்கேற்ற விசா இல்லை என்பது குற்றச்சாட்டு. ஆலை கட்ட வந்த மூலதனத்துக்குச் சிவப்புக் கம்பளம், அதைக் கட்ட வந்த கைக்குச் சங்கிலி! மூலதனத்திடம் எந்தத் தேசமும் விசா கேட்பதில்லை. உழைப்பவனிடம்தான் கேட்கிறது.

நாம் செய்ய வேண்டியது

போகிறவன் புறப்படும் முன் பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்களையும், விசா, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றையும் பிரதி எடுத்து ஒன்றை வீட்டில் வைக்கட்டும். ஒரு வருஷத்துக்கும் குறைவாகக் காலம் இருந்தால் இங்கேயே புதுப்பித்துக்கொண்டு போகட்டும். சாதாரண முறையில் 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய்தான். ஏஜெண்டுக்கு ஆயிரக்கணக்கில் அழ வேண்டியதில்லை. பத்தாவது தேறாதவர்கள் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். அதைத் தவிர்க்கச் சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்று ஏஜெண்டு சொன்னால் அவன் வீட்டுப் படி ஏறாதீர்கள்.

வீட்டிலிருக்கும் தாய்மார்களே! பிள்ளையின் பாஸ்போர்ட் முடியும் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். அதற்கு ஒரு வருஷம் இருக்கும்போது, “தம்பி, புத்தகம் உன் கையில் இருக்கிறதா?” என்று போனில் கேளுங்கள். இல்லை என்றால் அன்றே சங்க ஆபீஸுக்கு வாருங்கள். ஒவ்வொரு கிராமத்திலும் வெளிநாடு போனவர்களின் பெயர், நாடு, பாஸ்போர்ட் முடியும் தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்கும் பொறுப்பைத் தோழர்கள் ஏற்க வேண்டும். இதற்குப் பணம் வேண்டாம். ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும்.

அந்த வாலாஜாபாத் பெரியவரோடு உட்கார்ந்து தூதரகத்துக்கு மனு எழுதியிருக்கிறோம். அடுத்தவருடைய மனுவையும் எழுதக் காத்திருக்கிறோம். துண்டை ஒழித்தவர்கள் நாம். பூட்டிய அலமாரியையும் திறக்க வைப்போம்!