கம்ப்யூட்டர் கெட்டா குத்தம் யார் மேல?



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு, "கம்ப்யூட்டர்ல வர்ற பிரச்சினைக்குக் காரணம் உள்ளே ஓடுற சிஸ்டமா, அதைப் பயன்படுத்துற ஆளா?" என்பது. கேட்டா பட்டிமன்றம் மாதிரி இருக்கும். ஆனா நமக்கு இது விளையாட்டுப் பேச்சு இல்ல. போன செயற்குழுவுல, "நம்ம பொண்ணுங்களுக்கு இது சரிப்பட்டு வரல, கம்ப்யூட்டர் வேலையை வெளியில ஒரு கடைக்கு விட்டுடலாம்" என்று ஒரு யோசனை வந்தது. அடுத்த கூட்டத்துல அதைத் தீர்மானமாப் போடலாமான்னு பேசப் போறோம். அதுக்கு முன்னாடி, குத்தம் உண்மையில எங்க இருக்குன்னு பார்த்துடணும் இல்லையா?

முதல்ல ஆப்பரேட்டிங் சிஸ்டம்னா என்னன்னு சொல்லிடறேன். கல்யாண வீட்டுச் சமையல்ல ஒரு தலைமைச் சமையல்காரர் இருப்பார். எந்த அடுப்பு யாருக்கு, எந்த அண்டா எதுக்கு, யார் முதல்ல வேலையை ஆரம்பிக்கணும்னு அவர்தான் சொல்வார். கம்ப்யூட்டருக்குள்ள அந்த வேலையைச் செய்யறதுதான் ஆப்பரேட்டிங் சிஸ்டம். நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்கிறது விண்டோஸ். உங்க கையில இருக்கிற போன்ல பெரும்பாலும் ஆண்ட்ராய்டு. காசு கொடுக்காம யாரும் போட்டுக்கக்கூடிய லினக்ஸ்னு ஒண்ணும் இருக்கு.

நம்ம கதைக்கு வர்றேன். கடன் விஷயமா ஒரு கடிதத்தை நம்ம கணக்காளர் தங்கச்சி தமிழ்ல அடிச்சு பென் டிரைவ்ல எடுத்துக்கிட்டு வங்கிக்குப் போச்சு. அங்க திறந்தா ஒரு தமிழ் எழுத்து இல்ல. இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் புள்ளியுமா கலந்து கிடந்துச்சு. "டைப் அடிக்கத் தெரியாதவங்களை எதுக்கும்மா வெச்சிருக்கீங்க?" என்று பத்துப் பேர் முன்னாடி கேட்டுட்டாங்க. அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே வந்துச்சு. நம்மள்லயும் சிலர், "கவனமா அடிச்சிருக்கலாம்ல" என்று சொன்னோம். அதுக்கப்புறம் கம்ப்யூட்டர் பழக வந்துக்கிட்டிருந்த மூணு பேர் வர்றதையே நிறுத்திட்டாங்க.

உண்மையில நடந்தது என்ன? நம்ம கம்ப்யூட்டரைப் போட்டுக் கொடுத்தவர் அதுல பழைய முறைத் தமிழ் எழுத்துரு ஒண்ணை ஏத்தி வெச்சிருந்தார். அந்த மாதிரி எழுத்துருவுல கம்ப்யூட்டருக்குள்ள பதியறது இங்கிலீஷ் எழுத்துதான். மேல தமிழ் உருவத்தை மட்டும் மாட்டி வெச்சிருப்பாங்க. அதே எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா வேஷம் கலைஞ்சிடும். இந்தத் தொல்லை வரக்கூடாதுன்னுதான் யூனிகோடு வந்தது. தமிழக அரசே 2010-ல யூனிகோடை ஏத்துக்கிட்டு ஆணை போட்டுச்சு. விண்டோஸ்லயும் யூனிகோடு தமிழ் எழுத்து கூடவே வருது. அப்போ இதுல விண்டோஸ் மேலயும் குத்தம் இல்ல, அந்தப் பொண்ணு மேலயும் குத்தம் இல்ல. நடுவுல ஒருத்தர் செஞ்ச ஏற்பாட்டுலதான் கோளாறு. ஆனா ஏச்சு வாங்கினது யாரு? அந்த நேரத்துல பென் டிரைவைக் கையில வெச்சிருந்தவ.

அதுக்காக சிஸ்டம் மேல தப்பே வராதுன்னு நான் சொல்ல வரல. 2017 மே 12-ஆம் தேதி 'வான்னாக்ரை' என்று ஒரு கெட்ட புரோகிராம் உலகம் பூரா பரவுச்சு. சுமார் 150 நாடுகள்ல இரண்டு லட்சத்துக்கும் மேல கம்ப்யூட்டர்களைப் பூட்டிட்டு, "பணம் கொடுத்தாத்தான் திறப்பேன்" என்றது. இங்கிலாந்துல ஆஸ்பத்திரிகள்ல ஆபரேஷனையே தள்ளிப்போட வேண்டியதாப் போச்சு. அது நுழைஞ்ச ஓட்டை விண்டோஸ்ல இருந்தது. ஆனா அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை ரெண்டு மாசம் முன்னாடியே, மார்ச் மாசத்துலயே மைக்ரோசாஃப்ட் கொடுத்திருந்தது. போட்டுக்கிட்டவங்க தப்பிச்சாங்க, போடாதவங்க மாட்டினாங்க. ஓட்டை செஞ்சவங்களோடது, அடைக்காம விட்டது வெச்சிருந்தவங்களோடது. ரெண்டு பக்கமும் பங்கு இருக்கு.

இதுக்கு நேர்மாறா ஒண்ணு, 2024 ஜூலை 19-ஆம் தேதி நடந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்கிற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி அனுப்பின ஒரு அப்டேட்லயே பிழை. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையைக் காட்டி நின்னுபோச்சு. நம்ம நாட்டு விமான நிலையங்கள்லகூட பயணிகளுக்கு போர்டிங் பாஸைக் கையால எழுதிக் கொடுத்தாங்க. அன்னிக்கு உட்கார்ந்து வேலை பார்த்தவங்க ஒரு தப்பும் செய்யல. விண்டோஸைச் செஞ்சவங்களும் அந்தப் பிழையைச் செய்யல. மூணாவது ஆள் அனுப்பினது.

பயன்படுத்துற நம்ம பக்கத்தையும் மறைக்காம பேசணும். கரண்டு போற ஊர்ல சேவ் பண்ணாம ரெண்டு மணி நேரம் கணக்கு ஏத்தறது, கண்ட பென் டிரைவையும் செருகறது, பாஸ்வேர்டை எழுதி கம்ப்யூட்டர் மேலயே ஒட்டி வெக்கிறது, இதெல்லாம் எந்த சிஸ்டமும் சொல்லித் தந்தது இல்ல. அப்டேட் கேட்டா 'அப்புறம்' என்று தள்ளறோம். ஆனா அதையும் ஏன்னு கேட்டுப் பாருங்க. போன்ல இருந்து நெட் கொடுக்கிறோம், அப்டேட் போட்டா அன்னிக்கு டேட்டா காலி. திரையில இங்கிலீஷ்ல ஒரு பெட்டி வருது, புரியல, ஏதோ ஒண்ணை அமுக்கறோம். விண்டோஸைத் தமிழ்ல மாத்திக்க வழி இருக்கு. எல்லா இடமும் தமிழாகாது, ஆனாலும் நிறையப் புரியும். அதை இதுவரைக்கும் யாரும் நமக்குச் சொல்லல.

நம்மள்ல தையல் தெரிஞ்சவங்க நிறையப் பேர் இருக்கீங்க. மிஷின்ல நூல் அறுந்தா என்ன செய்வீங்க? தைக்கிறவ சரியில்லன்னு எழுப்பி விட்டுடுவீங்களா? ஊசி வளைஞ்சிருக்கா, பாபின் சரியா உட்கார்ந்திருக்கா, டென்ஷன் இறுகியிருக்கா, நூல் மட்டமான்னு ஒவ்வொண்ணாப் பார்ப்பீங்க. அதுக்கப்புறம்தான் கையைப் பார்ப்பீங்க. கம்ப்யூட்டர் கிட்ட மட்டும் நாம முதல்லயே கையைப் பிடிக்கிறோம். திட்டு விழும்னு தெரிஞ்சா யாரும் நடந்ததை நடந்தபடி சொல்ல மாட்டாங்க. சொல்லலேன்னா கோளாறு எங்கேன்னு யாருக்கும் தெரியாது. அதே கோளாறு மறுபடியும் வரும்.

அதனால தீர்மானம் போடறதா இருந்தா, நான் கேட்கிறது இதுதான். கம்ப்யூட்டர் பக்கத்துல ஒரு நோட்டு வெப்போம். ஏதாவது நின்னுபோனா தேதி, அப்போ என்ன வேலை நடந்தது, திரையில என்ன வந்தது, இந்த மூணை மட்டும் எழுதுவோம். யார் உட்கார்ந்திருந்தாங்கன்னு எழுத வேண்டாம். திரையை போன்ல ஒரு படம் எடுத்துக்குவோம். வாரம் ஒரு தடவை கணக்கை ஒரு பென் டிரைவ்ல நகல் எடுத்து, கழட்டி பீரோவுல பூட்டுவோம். கம்ப்யூட்டர்லயே செருகி விட்டா வைரஸ் வந்தா அதுவும் சேர்ந்து போயிடும். வங்கிக்குப் போற கடிதத்தை யூனிகோடுல அடிச்சு, பிடிஎஃப் ஆக்கிக் கொடுப்போம். சின்னதா ஒரு யூபிஎஸ் வாங்குவோம்.

இன்னொண்ணு. விண்டோஸ் 10-க்கு இலவசமா வந்துக்கிட்டிருந்த பாதுகாப்பு அப்டேட்டை 2025 அக்டோபர் 14-ஓட மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போய் எது இருக்குன்னு பாருங்க. பழைய கம்ப்யூட்டர் பலதுல விண்டோஸ் 11 ஏறாது. லினக்ஸ் போடலாம், சென்னையில சி-டாக் செஞ்ச பாஸ் லினக்ஸ்கூட இருக்கு. ஆனா நம்ம பிரிண்டரும் கைரேகைக் கருவியும் அதுல ஓடுமான்னு கேட்டுக்கிட்டுத்தான் மாத்தணும். சிஸ்டத்தை மாத்தினா எல்லாம் சரியாயிடும்னு நினைக்கிறதும், ஆளை மாத்தினா சரியாயிடும்னு நினைக்கிற மாதிரிதான்.

கடைக்காரர்கிட்ட விட்டா கம்ப்யூட்டர் கெடாதா? அங்கயும் அதே விண்டோஸ்தான், அதே கரண்டுதான். ஆனா நம்ம சேமிப்பும் கடனும் யார்யார் எவ்வளவு பாக்கியும் அவர் கையில இருக்கும், பாஸ்வேர்டும் அவர்கிட்ட இருக்கும். கையெழுத்துப் போடத் தெரியாம இருந்த காலத்துலகூட நம்ம குழுக் கணக்கை வெளியாள் கையில கொடுத்தது இல்ல. எட்டாவது படிச்ச பொண்ணைப் பக்கத்துல உட்கார வெச்சு எழுதினோம், கூட்டத்துல சத்தமாப் படிக்கச் சொல்லிக் கேட்டோம்.

கடைக்கு விடற யோசனையை ஆறு மாசம் தள்ளி வெக்கணும்னு கேட்டுக்கறேன். அந்த ஆறு மாசமும் நோட்டை எழுதுவோம். பிறகு அதை இந்தச் சபையில படிச்சுப் பார்த்து முடிவெடுப்போம். வர்றதை நிறுத்தின அந்த மூணு தங்கச்சிங்களையும் நாளைக்கே போய்க் கூப்பிட நான் தயார். கூட யார் வர்றீங்க?