ஒரு நாள் என்பது எவ்வளவு நேரம்?



ஒரு நாள் என்பது எவ்வளவு நேரம் என்று வினவினால், 24 மணி நேரம் எனத் தொடக்கப்பள்ளி மாணவரும் விடை கூறுவார். அவ்விடை தவறன்று, ஆயினும் கணினிக்கு நிரல் எழுதும்போது அது எப்போதும் போதுமானதும் அன்று. அதன் காரணத்தையே இன்று நாம் ஆராயப் புகுகிறோம்.

முதலில் கணக்கைக் காண்போம். ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். நம் முன்னோர் நாளை 60 நாழிகையாகவும் நாழிகையை 60 விநாழிகையாகவும் பகுத்தனர். விநாழிகைக்கு 24 நொடி என்பதால், அவ்வழியிலும் அதே 86,400 கிடைக்கிறது.

நிரலுக்கு 2.6 நாள் என்ற எண் வருகிறது எனக் கொள்வோம். அதை 86,400 ஆல் பெருக்கினால் 224,640 நொடிகள். பின்னர் ஈவும் மீதியுமாக வகுத்துச் செல்ல வேண்டும். 86,400 ஆல் வகுக்க 2 நாள், மீதி 51,840. அதை 3,600 ஆல் வகுக்க 14 மணி, மீதி 1,440. அதை 60 ஆல் வகுக்க 24 நிமிடம். ஆக, 2 நாள், 14 மணி, 24 நிமிடம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பல நிரல்கள் நேரத்தை மில்லிநொடியில் அளக்கின்றன. 32 பிட் முழு எண்ணில் அடங்கும் பேரெண் 2,147,483,647. 24 நாளுக்குரிய 2,073,600,000 மில்லிநொடி அதனுள் அடங்கும். 25 நாளுக்குரிய 2,160,000,000 அடங்காது. ஜாவா போன்ற மொழிகளில் அவ்வேளை பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. விடை மட்டும் எதிர்மறை எண்ணாகிவிடும். பெருக்கும் முன்பே 64 பிட் எண்ணைத் தேர்வதே இதற்குத் தீர்வு.

கணக்கின் பிழையைக் கணக்கால் திருத்திவிடலாம். பொருளின் பிழையோ அத்துணை எளிதன்று. நம் வட்டாரத்திலேயே சான்று உண்டு. 1981 டிசம்பர் 31 அன்று இரவு 11.30 மணிக்குத் தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கடிகாரங்கள் நள்ளிரவுக்கு முன்தள்ளப்பட்டன. அந்நாளுக்கு 23 மணி 30 நிமிடமே இருந்தது. அன்று நண்பகலோடு 86,400 நொடிகளைக் கூட்டினால், மறுநாள் பிற்பகல் 12.30 வரும், நாட்காட்டியில் ஒரு நாள் கூட்டினால், மறுநாள் நண்பகல் வரும். இரண்டும் சரியான விடைகளே, வினாக்கள்தாம் வெவ்வேறு. கோடைக்கால நேரமாற்றம் உள்ள நாடுகளில் இவ்வேறுபாடு ஆண்டுதோறும் எழுகிறது. சமோவாவிலோ 2011 டிசம்பர் 30 என்ற நாளே இல்லை.

இதனை உணர்ந்தே ஜாவாவின் எட்டாம் பதிப்பு 2014 இல் இரு வகைகளைத் தந்தது. ‘டியூரேஷன்’ வகையில் ஒரு நாள் என்பது 24 மணி நேரம். ‘பீரியட்’ வகையில் அது நாட்காட்டியின் ஒரு நாள். கோ மொழியோ, குழப்பத்தைத் தவிர்க்கவே, கால அளவுக்கு மணி வரையிலான அலகுகளை மட்டும் வைத்து, நாள் என்ற அலகை விட்டுவிட்டது.

நம் மொழியில் இரண்டுக்கும் ‘நாள்’ என்ற ஒரே சொல்தான் வழங்குகிறது. திங்கள் காலை 10 மணிக்கு ஓர் ஆசிரியர், “மூன்று நாளில் ஒப்படையுங்கள்” என்கிறார். வியாழன் காலை 10 மணியோடு தவணை முடிகிறதா, வியாழன் நள்ளிரவோடு முடிகிறதா? வகுப்பில் கேட்டுத் தெளியலாம். கணினி கேட்பதில்லை, நிரலில் எழுதியபடி கதவை அடைத்துவிடும். உரிய காலத்தில் முடித்தோம் என நம்பிய மாணவரின் உழைப்பு வெளியே நின்றுவிடும்.

ஆகவே, நேரத்தின் நீளத்தைக் குறிக்கும் இடத்தில் ‘24 மணி நேரம்’ என்றும், தேதியைக் குறிக்கும் இடத்தில் ‘நாட்காட்டி நாள்’ என்றும் பிரித்து வழங்குவோம். பைத்தான் 3 மொழியில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிட இயலும். ‘தவணை’ என்று மட்டும் எழுதாமல், ‘தவணை_நொடி’ என அலகையும் சேர்த்து எழுத மாணவரைப் பழக்குவோம். சொல்லில் தெளிவு பிறந்தால் நிரலிலும் தெளிவு பிறக்கும்.