ஆங்கிலத்துக்கு அஞ்சி ஒதுங்க வேண்டாம்



டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப்பள்ளி நம் பெருங்குடியிலேயே இருக்கிறது. ஆனால் தமிழ் வழியில் நல்ல மதிப்பெண் எடுத்த நம் பிள்ளைகள் சிலர், "பாடமெல்லாம் ஆங்கிலமாமே" என்று விண்ணப்பிக்காமலே ஒதுங்கிவிடுகிறார்கள்.

நபி (ஸல்) அவர்கள், யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். அரை மாதத்திற்குள் அவர்கள் கற்றுத் தேர்ந்ததாகத் திர்மிதியில் வருகிறது. பிறகு, யூதர்களிடமிருந்து வந்த கடிதங்களைப் படித்துக் காட்டியதும், பதில் எழுதியதும் அவர்களே.

கற்பதற்கு முறை உண்டு. பொது வழக்கில் 'கன்சிடரேஷன்' என்றால் பரிசீலனை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் அதுவே மறுபயன். ஆகவே சொல்லைப் பாடத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். தினம் ஒரு பத்தியைத் தமிழாக்குங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, அதைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதுங்கள். மூலத்தோடு ஒப்பிட்டால் பிழை எங்கே என்று உங்களுக்கே தெரியும். வகுப்பில் கேட்க ஒரு கேள்வியையாவது எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.

இதற்கென நம் டிரஸ்டில் ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் உட்கார்கிறோம். கட்டணம் இல்லை, பெண் பிள்ளைகளுக்குத் தனி இடம் உண்டு. மொழிக்குப் பயந்து ஒரு பிள்ளையும் படிப்பை விட்டுவிடக் கூடாது. அனுப்பி வையுங்கள், இன்ஷா அல்லாஹ், கற்றுக்கொள்வார்கள். வஸ்ஸலாம்.