முதல் அரை வினாடி



என்னிலும் மூத்தவர்கள் முன்வரிசையில் இருக்கும் அவைக்குத் தலைமை ஏற்பது பெரும்பேறு. கொஞ்சம் படபடப்பாகவும் இருக்கிறது. பிள்ளைப்பருவ வலிப்பின் ஆய்வும் பராமரிப்பும் என்பது நமது கருத்தரங்கின் பொருள். மரபணு, மருந்து, பராமரிப்பு ஆகியவற்றைப் பேசத் தகுதியானவர்கள் வந்திருக்கிறார்கள். அவற்றை அவர்களிடமே விட்டுவிட்டு, நெடுங்காலமாக என் மனதில் கிடக்கும் ஒரு வழக்கை எடுத்துக்கொள்கிறேன். பிள்ளை சில வினாடி வெறித்துப் பார்த்து நிற்கும் அப்சென்ஸ் வலிப்பு மூளையில் எங்கே தொடங்குகிறது?

1935இல் கிப்ஸ், டேவிஸ், லெனொக்ஸ் மூவரும் ஈ.ஈ.ஜியில் காட்டிய வினாடிக்கு மூன்று கூர்-அலைகளை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரு பக்கமும் ஒரே நொடியில் எழும் அந்த அலைகளுக்கு நடுவில் ஒரு சூத்திரதாரி இருக்க வேண்டும் என்று எண்ணியது இயல்பே. 1947இல் ஜாஸ்பரும் துரூக்லீவர்-ஃபோர்டெய்னும் பூனை மூளையின் நடுவில் உள்ள தலாமஸைத் தூண்டி அதே வடிவத்தை வரவழைத்தார்கள். பென்ஃபீல்டும் ஜாஸ்பரும் மூளையின் மையமே மூலம் என்ற கோட்பாட்டை நிறுவினார்கள். அதைத்தான் நம்மில் பலர் பாடமாகப் படித்தோம், இன்றும் கற்பிக்கிறோம்.

ஆனால் அதே ஜாஸ்பர் 1952இல் டுகெல் என்ற துருக்கியருடன் சேர்ந்து வேறொரு கட்டுரை எழுதினார். மூளையின் நடுக்கோட்டை ஒட்டி, ஒரு பக்கப் புறணியில் மட்டும் புண் உள்ள நோயாளிகளிலும் இரு பக்கமும் ஒத்திசைந்த அலைகள் எழலாம் என்று அது காட்டியது. தன் கோட்பாட்டுக்கு எதிரான சான்றைத் தானே பதிப்பித்த நேர்மைக்காக ஜாஸ்பரை நான் வணங்குகிறேன். நமது பாடநூல்களோ 1947ஐ வைத்துக்கொண்டு 1952ஐ விட்டுவிட்டன. 1966இல் மார்க்கஸும் வாட்சனும் தலாமஸை அகற்றிய பூனையில்கூட இரு புறணிகளும் பெருங்கிணைப்புக் கட்டு வழியே ஒத்திசைவதைக் காட்டினார்கள். அதற்கும் அதே கதிதான்.

2002இல் மீரன் குழுவினர் வலிப்புள்ள வேக்-ரீஜ் எலிகளை அளந்தார்கள். முதல் அரை வினாடியில் முகப்பகுதிக்குரிய உணர்வுப் புறணியே முந்துகிறது. அதன் பிறகு புறணியும் தலாமஸும் மாறிமாறி ஒன்றையொன்று இழுக்கின்றன. என் வாதம் முழுவதும் அந்த அரை வினாடியில்தான் நிற்கிறது. தலாமஸ் தேவையில்லை என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. அது வலிப்பை நீட்டித்துத் தக்கவைக்கிறது. தொடக்கி வைப்பது புறணி.

சில ஆண்டுகளுக்கு முன் இதுபோன்ற ஓர் அவையில், நான் மிகவும் மதிக்கும் மூத்தவர் ஒருவர், எலிக்கு மீசை உண்டு, பிள்ளைக்கு இல்லை என்று சொல்லி என் வாதத்தை முடித்துவைத்தார். அவை கைதட்டியது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எலியின் அலை வினாடிக்கு ஏழு முதல் பதினொன்று, பிள்ளையின் அலை மூன்று. எலியில் தெரிவது வலிப்பே அல்ல என்று ஐயுறுவோரும் உண்டு. ஆனாலும் 2004இல் ஹோம்ஸ் குழுவினர் அப்சென்ஸ் வலிப்புள்ள வளர்ந்தவர்களின் தலையில் நெருக்கமாக மின்முனைகள் வைத்துப் பதிந்தபோது, அலைகள் முன்மடலின் சில இடங்களையே முதலில் பற்றின. 2010இல் புளூமென்ஃபெல்ட் குழுவினர், ஈ.ஈ.ஜியில் அலை தோன்றுவதற்கு ஐந்து வினாடிக்கும் முன்பே முன்மடல், பக்கமடல் புறணிகளில் இரத்த ஓட்டம் மாறுவதைக் கண்டார்கள். மீசை இல்லாத பிள்ளைகளிடம்தான் கண்டார்கள், ஐயா.

மருந்தும் இதையே சொல்கிறது. எதோசக்சிமைட் தலாமஸ் நரம்பணுக்களின் டி-வகைக் கல்சியம் மின்னோட்டத்தைக் குறைக்கிறது என்று 1989இல் கூல்ட்டர் குழுவினர் காட்டியது தலாமஸ் அணியின் பெரிய வெற்றி. 2004இல் மெனிங் குழுவினர் அதே மருந்தை வலிப்புள்ள எலியின் முகப்பகுதிப் புறணியில் நேரடியாகச் செலுத்தினார்கள். வலிப்பு உடனே அடங்கியது. தலாமஸில் செலுத்தியபோது அந்த உடனடிப் பலன் கிடைக்கவில்லை.

இந்த வழக்கால் இங்குள்ள பிள்ளைகளுக்கு என்ன பயன் என்று கற்பிட்டியிலிருந்தும் முந்தலிலிருந்தும் உடப்பிலிருந்தும் வந்திருக்கும் ஆசிரியர்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். வகுப்பில் பத்து வினாடி வெறித்துப் பார்த்துவிட்டு எதுவும் நடக்காததுபோல் எழுதத் தொடங்கும் பிள்ளையைப் பராக்குப் பார்க்கிறது என்று ஏசுகிறோம். வலிப்பு என்று தெரிந்ததும் மருந்து தருகிறோம். அலை அடங்கியதும் குணமாகிவிட்டது என்கிறோம். கிளாசர் குழுவினர் 453 பிள்ளைகளில் நடத்திய ஆய்வு 2010இல் வெளிவந்தது. பதினாறாம் வாரத்தில் வல்புரோயேட் பெற்றவர்களில் 49 விழுக்காட்டினருக்கும் எதோசக்சிமைட் பெற்றவர்களில் 33 விழுக்காட்டினருக்கும் கவனக் குறைபாடு இருந்தது. வலிப்பை அடக்குவதில் இரண்டு மருந்துகளும் ஏறத்தாழச் சமம். வலிப்பு நின்ற பிறகும் கவனக் குறைபாடு தொடர்வதை அதே பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தவர்கள் கண்டார்கள். முன்மடல் புறணி வலிப்புக்கு இடைப்பட்ட நேரத்திலும் சரியாக இயங்கவில்லை என்றே நான் இதை வாசிக்கிறேன். தலாமஸை மட்டும் குற்றவாளியாக்கும் கோட்பாட்டில் இதற்கு இடமில்லை. அதனால்தான் நமது பின்தொடர் சிகிச்சையிலும் இதற்கு இடமில்லாமல் போயிற்று.

பின்தொடருமுன் பிள்ளையைக் கண்டறிய வேண்டும். கற்பிட்டியிலிருந்து கொழும்பு சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை 150 கிலோமீற்றருக்கு மேல். கடலுக்குப் போகும் தகப்பனுக்கு அது ஒரு நாள் உழைப்பு. எந்தப் பிள்ளையை அனுப்ப வேண்டும் என்பதைக் கிளினிக்கிலேயே பெருமளவு தெரிந்துகொள்ளலாம். வைத்தியர் பக்கத்தில் இருக்க, மூன்று நிமிடம் வேகமாக ஆழமூச்சு விடச் சொன்னால் போதும். சிகிச்சை பெறாத பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு வலிப்பு கண்முன்னே வந்துவிடும். மருந்து தொடங்குமுன் ஒரு கவனத் தேர்வும், அலை அடங்கிய ஆறு மாதத்தில் மீண்டும் ஒன்றும் நடத்தும் தீர்மானத்தை இந்தக் கருத்தரங்கு நிறைவேற்ற வேண்டும் என்று முன்மொழிகிறேன்.

முதல் அமர்வின் கட்டுரையாளர் தலாமஸ் பக்கம் நிற்பவர். அவரை அன்போடு அழைக்கிறேன். தமது மறுப்பை மெனிங் குழுவின் அந்தச் சோதனையிலிருந்து தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.