குடிவழித் தேடலும் ஊர்ப்பெயரும்: கேமரன் மலைத் தோட்டத் தமிழரை முன்வைத்து



தானா ராத்தா என்னும் மலாய்த் தொடருக்குச் சமதளமான நிலம் என்பது பொருள். இம்மலைப்பகுதியை வில்லியம் கேமரன் அளந்தது 1885ஆம் ஆண்டு. ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். இவை நூல்களில் உள்ள செய்திகள். சரிவுகளில் நாற்று நட்டுக் கொழுந்து கிள்ளிய தமிழர்களின் பெயர்களை அந்நூல்களில் காண்பது அரிது. அவர்களை எங்கே, எவ்வாறு தேடுவது என்பதே நம் உரையின் பொருள்.

பிற நாடுகளின் நிலையை முதலில் நோக்குவோம். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர்க்குக் கப்பல்தோறும் பட்டியல் எழுதப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் ஆகியன அதில் இடம்பெற்றன. மொரீஷியசில் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் அந்நாட்டுக் குடியேறிகளின் பதிவேடுகளைக் காத்து வருகிறது. அந்நாடுகளில் ஒருவர் தம் பாட்டனாரின் பதிவெண்ணைக் கொண்டே அவருடைய ஊரை அறிய வழியுண்டு.

மலாயாவின் நிலை வேறு. இங்கு 1910இல் ஒப்பந்த முறை நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி தம் ஊரிலும் சுற்றுவட்டத்திலும் ஆள் திரட்டி அழைத்து வந்தார். இந்திய அரசின் முகவர் ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகளில் வந்தோர், திரும்பியோர் ஆகியோரின் தொகை கிடைக்கும். தனி ஒருவரின் வரலாறு கிடைக்காது. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் ஆள் திரட்டல் நின்றது. 1938இல் உதவி பெற்றுக் குடியேறுவதை இந்திய அரசே தடை செய்தது. எனவே, கேமரன் மலையில் தேயிலை தொடங்கிய பின்னர்த் தமிழகத்திலிருந்து நேரே ஆள் வரக்கூடிய காலம் மிகக் குறுகியது. தம் முன்னோரைத் தேடுவோர், ஊருக்கும் மலைக்கும் இடையே சமவெளிப் பால்மரத் தோட்டம் ஏதேனும் உண்டா என்றும் கேட்டறிய வேண்டும்.

இனிப் பெயரை நோக்குவோம். மேனாட்டார் குடும்பப் பெயரைப் பற்றிக்கொண்டு பல தலைமுறை பின்னோக்கிச் செல்வர். நம்மில் பெரும்பாலோர்க்கு அவ்வாறான பெயர் இல்லை. தந்தையின் பெயர் மகனுக்கு முன்னெழுத்தாகிறது. பேரனிடத்தில் அதுவும் மறைந்துவிடுகிறது. மேலும், பதிவு செய்தவர் தம் காதில் விழுந்தவாறு உரோமன் எழுத்தில் எழுதினார். லகர, ளகர, ழகரங்கள் அங்கே ஒன்றாயின. குறிலும் நெடிலும் மயங்கின. பழனி என்பவர் பலானி ஆனார். உடன்பிறந்த இருவரின் பிறப்புப் பத்திரங்களில் ஒரே தந்தையின் பெயர் இருவேறாக இருப்பது நம் வீடுகளில் புதுமையன்று. ஆகவே, பதிவேட்டைத் திறக்குமுன் பெயரைத் தமிழில் எழுதி, அது எத்தனை வகையாகத் திரிந்திருக்கக்கூடும் என்று பட்டியலிடுதல் வேண்டும். தமிழாசிரியரின் எழுத்திலக்கண அறிவு இங்கே நேரடியாகப் பயன்படும்.

பெயரினும் உறுதியான தடம் ஊர். ஆனால், 'சேலம் ஜில்லா' என்று பாட்டி சொன்னால் அது போதாது. பழைய சேலம் மாவட்டத்திலிருந்து 1965இல் தருமபுரியும் 1997இல் நாமக்கல்லும் பிரிந்தன. வட ஆர்க்காடு என்னும் மாவட்டப் பெயரே இன்று வழக்கில் இல்லை. புதூர் என்றும் புதுப்பாளையம் என்றும் பல ஊர்கள் இருக்கின்றன. அவற்றுள் நம்முடையது எது என்பதற்குக் குலதெய்வ வழிபாடு பல வேளைகளில் வழிகாட்டும். தெய்வத்தின் பெயர், கோயில் இருந்த இடம், பொங்கல் வைக்கும் மாதம், பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஊர் தெளிவாகும். இச்செய்திகளுள் பலவற்றை நினைவில் காத்து வருவோர் நம் வீட்டுப் பெண்களே. அவர்களிடம் கேட்காமல் ஆண்வழியை மட்டும் எழுதினால் குடிவழியில் பாதி விடுபட்டுப்போகும்.

வீட்டில் கேட்டதை ஆவணங்களோடு ஒப்பிட வேண்டும். பழைய கடிதங்களின் அஞ்சல் முத்திரை, ஊருக்கு அருகிலிருந்த அஞ்சலகத்தைக் காட்டும். 1948இல் தொடங்கிய அடையாள அட்டைப் பதிவு, பிறப்புப் பத்திரம், தோட்டத்தின் செக்ரோல், கல்லறை எழுத்து ஆகியவையும் சான்றுகளே. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆதலால், தோட்டப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு எஞ்சியிருக்குமானால் அது விலைமதிப்பற்றது.

தேடுவோர் துயரச் செய்திகளையும் எதிர்கொள்ள நேரும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதவர் பலருக்கு இறந்த நாள் தெரியாது. திதி தெரியாதவர்க்கு மகாளய அமாவாசையில் படைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஒரு வீட்டில் அந்நாளில் யாருக்காகப் படைக்கிறார்கள் என்று கேட்டால், எந்த ஏட்டிலும் இல்லாத ஒருவரின் பெயர் வெளிப்படலாம். கங்காணியிடம் பட்ட கடனும், ஊரில் விட்டுவந்த மனைவி மக்களும், சாதியின் பெயரால் பட்ட இழிவும் வெளிப்படலாம். அவற்றை மறைக்கவும் வேண்டா. பெரியவர் சொல்லத் தயங்குவதை வற்புறுத்திக் கேட்கவும் வேண்டா.

இத்தேடல் பழம்பெருமைக்காக மட்டும் அன்று. இந்நாட்டில் பெற்றோரின் திருமணம் பதிவாகவில்லையெனில் குழந்தையின் குடியுரிமை தாயின் நிலையைப் பொறுத்தது. தாயிடமும் பத்திரம் இல்லையென்றால் பாட்டி எங்கே பிறந்தார், எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார் என்னும் செய்தியே தேடலின் தொடக்கமாகிறது. அதைச் சொல்லக்கூடிய தலைமுறை முதுமை எய்திவிட்டது. தேயிலைச் சரிவுகளில் இன்று பெரிதும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் வேலை செய்கின்றனர். லயங்களில் அடுத்தடுத்து வாழ்ந்து ஒருவர் கதையை மற்றவர் அறிந்திருந்த நம் மக்கள் பல நகரங்களுக்குப் பிரிந்துவிட்டனர்.

ஆகவே ஆசிரியர்களை ஒன்று வேண்டுகிறோம். ஒவ்வொரு மாணவரும் இவ்விடுமுறையில் வீட்டு மூத்தவர் ஒருவரிடம் ஐந்து செய்திகளைக் கேட்டு எழுதட்டும்: ஊர், குலதெய்வம், தாய்வழிப் பாட்டியின் பெயர், வாழ்ந்த தோட்டங்கள், திரும்பி வராதவர் யார் என்பன. அவர் சொன்ன சொல்லிலேயே, தமிழ் எழுத்திலேயே எழுதி, நாளும் குறிக்கட்டும். ஆவணக் காப்பகத்திற்கு அடுத்த ஆண்டும் செல்லலாம். மூத்தவரிடம் இப்பொழுதே கேட்க வேண்டும்.