மூன்று இழை முறுக்கு

காஞ்சிபுரத்தில் உடற்கூறு சொல்லிக்கொடுப்பது சுலபம். பாதிப் பாடம் வீட்டுக் குழித்தறியிலேயே இருக்கிறது.

ஒரே வகைச் செல்கள் சேர்ந்தால் திசு. திசுக்கள் சேர்ந்தால் இதயம், இரைப்பை போல ஓர் உறுப்பு. உறுப்புகள் கூடி ஒரு வேலையைப் பார்த்தால் மண்டலம். மண்டலங்கள் எல்லாம் சேர்ந்தால் நீங்களும் நானும். இந்தப் படிகளில் நான் எப்போதும் உட்கார்ந்துவிடுவது திசுவில்தான். அந்தச் சொல்லின் மூலம் பிரெஞ்சு; பொருள் 'நெய்தது'! போர்த்துவது, இணைப்பது, தசை, நரம்பு என்று திசு நான்கு வகை. மற்ற மூன்றும் கோபித்துக்கொள்ளட்டும், எனக்குப் பிடித்தது இணைப்புத் திசு.

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர் என்னிடம் வைத்தியத்துக்கு வந்தார். தறியை மிதித்து மிதித்துக் குதிகாலுக்கு மேலே வலி. "நரம்பு இழுத்துக்கிச்சுங்க டாக்டர்." நீங்களும் அப்படித்தானே சொல்வீர்கள்? "நரம்பில்லை ஐயா, தசைநாண். தசையை எலும்போடு கட்டுகிற கயிறு, இணைப்புத் திசு. கொலாஜன் என்ற புரதம், மூன்று இழையை முறுக்கினது" என்றேன். "நம்ம பட்டு நூல் மாதிரியா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்த முறுக்கை 1954இல் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கங்காரு வாலின் தசைநாணில் எக்ஸ் கதிரைச் செலுத்திப் பார்த்தார்கள். சிரிக்காதீர்கள், கங்காரு வாலிலும் நம் குதிகாலிலும் அதே முறுக்குதான். அது உறுதியாக நிற்க வைட்டமின் சி வேண்டும். நெல்லிக்காயும் கொய்யாவும் சும்மா சொல்லிவைத்ததில்லை.

சரி, அவரிடம் வருவோம். ஓய்வு என்றதும் முகம் சுண்டிவிட்டது. "தறி நின்னா கூலியும் நின்னுடுமே."

"பாவில் இழை அறுந்தால் அப்படியே நாடாவை ஓட்டுவீர்களா?"

"அதெப்படி? முடிஞ்சுட்டுத்தான்."

"இங்கே உடம்பே முடிந்துகொள்ளும். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் மெதுவாகத்தான் முடியும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எத்தனை வாரம்?" என்றார்.

206 எலும்புகளைப் பற்றியும் பேச வந்தேன்; மணி ஆகிவிட்டது. செல், திசு, உறுப்பு, மண்டலம், இந்த நான்கு போதும். அடுத்த முறை 'நரம்பு இழுத்துக்கிச்சு' என்று வாயில் வரும்போது, நரம்பா நாணா என்று ஒரு நொடி யோசிப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.